விமானக் கண்ணாடி

கீறல்கள் திரும்பி வந்திருந்தன.

திங்கள்கிழமை காலை ஏழு மணிதான் ஆகியிருந்தது. பங்குனி வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது. மிக்கேல்ராஜ் ஈரத்துணியோடு ஜீப்பின் முன்கண்ணாடிக்கு எதிரே நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு கோடுகள், பக்கத்துப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, சுண்டுவிரல் நீளத்துக்கு. சற்றுத் தள்ளிக் குட்டையாக ஐந்தாவது ஒன்று. போன வாரம் இரண்டு நாள் முழுக்கக் குந்தியிருந்து, பல்பொடியையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துத் தேய் தேயென்று தேய்த்து அவன் போக்கிய அதே கோடுகள். தோள்பட்டை வலி இன்னும் போகவில்லை, கோடுகள் மட்டும் வந்துவிட்டன.

எண்ணெய் காய்ந்திருக்கும், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியைப் பிழிந்தான்.

அது யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். சிறுமலைத் தோட்டக்காரர்களை ஏற்றி இறக்கியே அவன் குடும்பம் நிமிர்ந்தது. அதே ஜீப்பில்தான் அது குலைந்தும் போனது. ஏழு மாதத்துக்கு முன், வத்தலக்குண்டு ரோட்டில், முன்னால் போன லாரிச் சக்கரம் ஒரு கல்லைத் தெறிக்கவிட்டது. பெரிய கல்லும் இல்லை, எலுமிச்சங்காய் அளவுதான். இரண்டு துண்டாக இருந்த முன்கண்ணாடியில் வலது பக்கத்துத் துண்டு பொடிப்பொடியாக உள்ளே கொட்டியது. "அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவன் திரும்பிப் பார்த்தபோது, அவன் மனைவி ஜெயமேரி இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஜீப்பில் கண்ணாடி என்ற பேச்சே இல்லை. மிச்சமிருந்த இடது பக்கத்தையும் கழற்றி வீசிவிட்டு, வெறும் சட்டத்தோடு ஓட்டினான். ஆனால் தை மாதம் மகள் ரோஸ்மேரிக்கு மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. பஸ் போகாத ஊர். கடைசி நாலு மைல் ஓடைமணலும் பாறையும்தான், ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. தினமும் அம்மா உட்கார்ந்த அதே இடத்தில், முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மகள் வந்தாள். புழுதி பட்டுப் பட்டு அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்தன.

"ஒரு கண்ணாடி போடுங்கப்பா. எத்தன நாளைக்கு இப்பிடி?"

அவளுக்கு எப்படிச் சொல்வது? கண்ணாடியென்றால் உடையும். உடையாத ஒன்று வேண்டும் அவனுக்கு. ஊரெல்லாம் விசாரித்துக் கடைசியில் பேகம்பூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் கிதர் முகம்மதுவிடம் போய் நின்றான். பாய் ஒரு சாக்கை விலக்கிக் காட்டினார். சட்டி கவிழ்த்ததுபோல் வளைந்த, கனமான, கண்ணாடி மாதிரியான ஒரு துண்டு. உட்குழிவில் முழுக்கக் கீறல்.

"ஏரோப்பிளேன் சாமான்ணே. பைலட் தலைக்கு மேல மூடுறது. இது கண்ணாடியே இல்ல, ஒரு மாதிரி பிளாஸ்டிக். சம்மட்டியால அடிச்சுத்தான் பாருங்களேன்."

மிக்கேல்ராஜ் அடித்தான். சம்மட்டி எகிறியது. ஒன்பது தடவை அடித்தான், கை மரத்துப்போகும்வரை. ஒரு விரிசல்கூட விழவில்லை. ஒன்பதாவது அடியில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இது அன்றைக்கே இருந்திருந்தால் என்ற நினைப்புத்தான். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வளைவை நிமிர்த்தவும் பாயே வழி சொன்னார். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் இளகுமாம். அண்டை வீட்டு மூக்காயி கூலிக்கு நெல் அவிக்கிறவள். அவளுடைய பெரிய அண்டாவைக் கேட்டு வாங்கி, துண்டை அதில் முக்கி அரைநாள் வேகவைத்தான். அழுகப்போகும் பழம்போல ஒரு தித்திப்பான வாடை தெருவெல்லாம் பரவியது. இளகியதை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஆட்டுக்கல்லும் அம்மியும் ஏற்றி விடியும்வரை விட்டான். சமர்த்தாகத் தட்டையாகிவிட்டது. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தபோது ஜீப்பின் ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது. எந்தப் பக்கம் என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. மகள் பக்கம்தான்.

சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் ரப்பர் கொடுத்து, பன்னிரண்டு போல்ட் போட்டு முறுக்கினான். கீறல் இருந்த முகத்தை வெளியே ரோட்டைப் பார்க்கவும், வழவழப்பான முகத்தை உள்ளே மகளைப் பார்க்கவும் வைத்தான். தேய்த்துப் போக்கியாகிவிட்டது, மறுபடி கீறல் விழுந்தாலும் புழுதி படப்போகிற பக்கத்திலேயே விழட்டும் என்று நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மறுநாள் மூக்காயி வேலியோரம் வந்து நின்றாள். "என்னத்தண்ணே அவிச்சீக என் அண்டாவுல? மூணு தடவ புளி போட்டு வெளக்கிட்டேன். நெல்லுலயும் அதே வாடை, சோத்துலயும் அதே வாடை."

அவன் சிரித்து மழுப்பினான்.

கீறல்கள் திரும்பி வந்த அந்தத் திங்கள்கிழமை, ஒன்பது மணிக்கு ஓடைமணலில் ஜீப் இறங்கியபோது ரோஸ்மேரி முகத்தில் முந்தானை இல்லை. அவள் முகத்தில் காற்றுப் படாமல், புழுதி படாமல், மலையை நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு குளிர்ந்தது. அப்போதுதான் அவள் முன்னால், கண்ணாடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருப்பதைக் கவனித்தான்.

எதிர்க்காற்று அனலாக அடிக்கிறது. மழை பார்த்து மூன்று மாதம். அந்த ஆவி மெல்லச் சுருங்கி ஒரு காலணா அளவுக்கு வந்தது. பிறகு விரிந்தது. பிறகு சுருங்கியது.

"யாரோ வெளிய நின்னு ஊதுற மாதிரி இருக்குல்லப்பா?" என்றாள் ரோஸ்மேரி, சாதாரணமாக.

"ரேடியேட்டர் ஆவிம்மா."

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் வெளிப்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். துணி நனைந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. மோந்து பார்த்தான், ஏன் மோந்தான் என்று அவனுக்கே தெரியாது. பல நாள் பல் துலக்காத வாயின் நாற்றம். அதற்கும் ரேடியேட்டருக்கும் சம்பந்தம் கிடையாது என்பது இருபது வருட டிரைவரான அவனுக்குத் தெரியும். உள்ளே இருந்து மகள் சிரித்துக்கொண்டு கையசைத்தாள். அவனும் அசைத்தான்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை காத்திருக்க ஜீப்பைப் புளியமரத்தடியில் போட்டான். சோற்றுத் தூக்கைத் திறந்தான், சாப்பிடத் தோன்றவில்லை. நிழல் மெல்ல நகர்ந்து, உச்சி வெயில் நேரே கண்ணாடியில் இறங்கியதும் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. டிக். டிக். தகரம் சூட்டில் நெளியும் சத்தம் அவன் கேட்டுப் பழகியதுதான். ஆனால் தகரம் இப்படி நிறுத்தி நிறுத்தி யோசித்து நெளியாது. டிக். பிறகு நீளமாக ஒரு கிர்ர். நகத்தால் பிறாண்டுவதுபோல.

உள்ளே ஏறி மகளின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தான். தட்டையாக மாட்டிய கண்ணாடி தட்டையாக இல்லை. நடுவில், ஒரு விரல்கடை அளவுக்கு, உள்ளே புடைத்திருந்தது. இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன. வெயிலில் இளகிப் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான். உள்ளேயிருந்து அமுக்கினால் சரியாகிவிடும் என்று புடைப்பின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியே தள்ளினான்.

மறுபக்கத்தில் இருந்தும் தள்ளியது.

சூட்டின் வேலை அல்ல அது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன, அவன் விரல்களுக்கு நேராக, அவன் விரல்களைவிட நீளமாக. கண்ணாடிக்கு அப்பால் பானெட்டும் வெறும் ரோடும் ஒரு வெள்ளாடும்தான் இருந்தன.

கையை வெடுக்கென்று இழுத்து, ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவன் ஜீப்பைவிட்டு இறங்கினான். அப்போதே கழற்றியிருக்கலாம். ஸ்பானர் கையிலேயே இருந்தது. ஆனால் கழற்றினால் சட்டம் மறுபடி வெறுமையாகும், லாரிகள் ஓடுகிற அதே ரோட்டில் அந்த வெறும் சட்டத்துக்குப் பின்னால் மகளை உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும். அவனால் அது முடியவில்லை. தளர்ந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே பேகம்பூருக்கு விட்டான். பாய் சாமான் அடைத்து வைக்கும் கிட்டங்கி வாசலில் ஜீப்பை நிறுத்த ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மேற்கே பார்த்த இடம். சாய்வெயில் முழுக்கக் கண்ணாடியில் விழுந்தது.

"இறங்கி நில்லும்மா, ரோசு."

"கால் வலிக்குதுப்பா. நோட்டு திருத்த வேண்டியது கெடக்கு, நான் பாட்டுக்கு உக்காந்துருக்கேன். நீங்க பாத்துட்டு வாங்க."

பெற்ற மகளிடம் இதை எப்படிச் சொல்வது? "செத்த நேரம்தான். இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

பாய் தராசுக்குப் பின்னால் இருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அந்தச் சாமான் எங்கேருந்து வந்துச்சு பாய்?"

"பழைய இரும்புக்கு ஊர் பேர் கேக்க மாட்டோம்ணே."

"பாய்."

பாய் வேட்டியை இறுக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "யுத்தத்தப்ப எங்கேயோ மலையில விழுந்துச்சாம். தீப்பிடிக்கல. மூடியோட சட்டம் மட்டும் நசுங்கி மாட்டிக்கிருச்சு. வெறகு வெட்டப் போனவங்க பாத்துருக்காங்க, உள்ள ஒரு வெள்ளக்காரப் பையன், உசுரோட. கடப்பாரை, கோடாலி, பாறாங்கல்லு, எல்லாத்தையும் போட்டு அடிச்சிருக்காங்க. ரெண்டு நாளு. அவன் உள்ளேருந்து பிறாண்டுறத இவங்க பாத்துக்கிட்டே நின்னாங்களாம். ஒடையலண்ணே. அதான் கேட்டீங்களே நீங்க, ஒடையாதது வேணும்னு."

கிட்டங்கிக்குள் ஏதோ ஒரு தகரம் காற்றில் ஆடியது.

"கீறல் இருந்த பக்கத்த எங்கிட்டு வச்சீங்க?" என்றார் பாய்.

"வெளிய."

பாய் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியதான் பாய். புழுதி படுற பக்கம்."

"அது அவன் இருந்த பக்கம்ணே." பாயின் உதடு காய்ந்திருந்தது. "அவன் அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வரத்தான பிறாண்டுனான். இந்தப் பக்கம் இப்ப யாரு உக்காந்துருக்கா?"

மிக்கேல்ராஜ் ஓடினான்.

அடுக்கி வைத்த தகரங்களில் முழங்கால் இடித்தது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. வாசல் வெளிச்சத்தில் கண் கூசியது.

"ரோசு!"

ஜீப் நின்றுகொண்டிருந்தது. வலது பக்க இருக்கை காலி.

நோட்டுகள் கீழே கிடந்தன. ஒன்று பாதி திருத்தியபடி திறந்திருந்தது. சிவப்பு மைப் பேனா இருக்கையில் உருண்டு நின்றது. அவளுடைய செருப்புகள் ஜோடியாக, காலை நீட்டி உட்கார்ந்தவள் கழற்றி வைத்ததுபோல, அப்படியே இருந்தன. தித்திப்பாக அந்த வாடை.

இருக்கைக்குப் பக்கத்திலிருந்து புழுதியில் காலடிகள். ஒருவருடையதுதான். பூட்ஸ் காலடிகள். ஜீப்பிலிருந்து இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, கடைவீதிப் பக்கமாகப் போயிருந்தன. ஜீப்புக்குள் ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை.

அவன் கண்ணாடியைப் பார்த்தான்.

தட்டையாக இருந்தது. புடைப்பு இல்லை. வெளிப்பக்கத்தை விரலால் தடவினான். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

துடைத்து வைத்ததுபோலச் சுத்தம்.

பிறகு நடுவில், ரோஸ்மேரியின் முகம் வருகிற உயரத்தில், ஆவி படிந்தது. சின்னதாக. அவன் வெளியே துடைத்தான், போகவில்லை. உள்ளே ஏறித் துடைத்தான், போகவில்லை. சுருங்கியது. விரிந்தது. வேகமாக, மூச்சுத் திணறுகிறவள் மூச்சைப்போல. அதற்குக் கீழே ஐந்து விரல்நுனிகள் வந்து அழுந்தின, ஒவ்வொன்றாக. வெளுத்த சின்ன விரல்கள். ஆள்காட்டி விரலில் சிவப்பு மை.

பின்னால் பாய் சம்மட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். மிக்கேல்ராஜ் வாங்கி அடித்தான். எகிறியது. மறுபடி அடித்தான். எகிறியது.

டிக் என்றது கண்ணாடி. பிறகு நீளமாக, கிர்ர்.

மூன்று. நான்கு. அவனே அடித்துப் பார்த்து, கை மரத்துப்போகும்வரை அடித்துப் பார்த்து, அழுது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனதுதான். ஒன்பது அடித்தான். பத்தாவதுக்கு ஓங்கினான். சாய்வெயிலில் அவன் மகளின் விரல்நுனிகள் மேலிருந்து கீழாக இறங்க, புத்தம் புதிதாக நான்கு கோடுகள் விழுந்தன. சற்றுத் தள்ளிக் குட்டையாக ஐந்தாவது ஒன்று.