கம்பளிச் சட்டை போட்ட வெந்நீர்த் தொட்டி

"விடுங்க… நான்தான் முதல்ல கை வச்சேன்."

"அப்படியா? அப்போ என் கையில இருக்கிறது என்ன?"

ஸ்லைகோ என்ற ஐரிஷ் ஊரின் மின்சாமான் கடையில் மிச்சமிருந்த ஒரே ஹீட்டர் காயிலை அவளும் ஃபெர்கலும் ஆளுக்கொரு முனையில் பிடித்திருந்தார்கள். மழையில் நனைந்த செம்பட்டைக் கூந்தல்… அதன் கீழே கோபமா, அழுகையா என்று தெரியாத சாம்பல் நிறக் கண்கள்… ஃபெர்கலின் பிடி தானாகத் தளர்ந்தது.

"காயில்தான் போச்சுன்னு யார் சொன்னது?"

"நூலா சொன்னா. நூலான்னா நான்தான். சுவிட்ச்சை 'சிங்க்'னு போட்டா கொஞ்சமா சுடுது. 'குளியல்'னு போட்டா ஐஸ். இந்த வாரம் பூரா பாத்திரம் கழுவுற தண்ணியிலதான் குளிக்கிறேன்."

"தெர்மோஸ்டாட்டாகூட இருக்கலாம். நான் ஃபெர்கல், எலெக்ட்ரீஷியன்… வந்து பாக்கட்டுமா?"

"இன்னிக்கு வேற வேலை இல்லையா?"

"இருந்துச்சு. அதைத்தான் நீங்க பிடுங்கிட்டீங்களே."

அவள் வீட்டில், வெந்நீர்த் தொட்டி இருந்த மாடி அலமாரியைத் திறந்ததும் அவன் நின்றுவிட்டான். தாமிரத் தொட்டி ஓர் ஆணின் ஸ்வெட்டரை அணிந்திருந்தது. இரு கைகளும் முன்னால் கட்டப்பட்டிருந்தன… யாரோ அணைத்திருப்பது போல.

"சூடு போகாம பத்திரமா வச்சிருக்கீங்க."

"நானே பின்னினது."

தோள் அகலத்தைப் பார்த்தான். அதற்கு உரியவன் தன்னைவிடப் பெரியவன்.

மெயினை அணைத்து மீட்டரை வைத்தான். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தது. குளியலுக்கான நீளக் காயிலில் முள் அசையவே இல்லை. அவள் சொன்னதுதான் சரி. தொட்டியை வடித்தான், ஸ்பேனரை மாட்டித் திருகினான். ஒவ்வொரு திருகலிலும் ஒரு குளிர்கால மாலை அவன் கண்ணில் வந்தது. அவள் பின்னுகிறாள்… அளவு பார்க்க எவனோ ஒருவனைக் கையை நீட்டச் சொல்கிறாள்… சே!

புதுக் காயிலை மாட்டி, தண்ணீர் நிரப்பி, மெயினைப் போட்டான். ஸ்வெட்டரைத் திரும்பக் கட்டியபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"அவர் வந்து இதைத் தேட மாட்டாரா?"

"நீங்க ஹீட்டரைப் பாக்க வந்தீங்களா, என்னை விசாரிக்க வந்தீங்களா?"

அவன் கருவிகளைப் பையில் அடுக்கினான்.

"டீ?"

"வேண்டாம்."

"ஒரு வாய்…"

"இல்ல, பரவால்ல."

அந்த ஊரில் முதல் இரண்டு 'வேண்டாம்' வெறும் மரியாதை. மூன்றாம் முறை கேட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். நூலா மூன்றாம் முறை கேட்கவில்லை.

வேனில் உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை. முகம் தெரியாத ஒருவனை வெறுத்தபடி வெகுநேரம் அப்படியே…

கண்ணாடியில் படபடவென்று தட்டல். நூலா, தலையில் துண்டோடு.

"இன்னும் ஐஸ்தான்! என்னத்தை ரிப்பேர் பண்ணீங்க?"

மாடிப்படிகளைத் தாவி ஏறினான். சுவிட்ச் அணைந்திருந்தது. அவன் காது சிவந்தது.

"நான்தான் அணைச்சேன்… கிளம்புறப்போ கை தானா…"

வீட்டை விட்டு இறங்கும்முன் ஹீட்டரை அணை என்று அந்த நாட்டின் எல்லா அம்மாக்களும் அடித்துச் சொல்லி வளர்த்த கை. நூலா சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"தண்ணி சுடுதான்னுகூடப் பாக்காம அப்படி என்ன அவசரம்?"

சுவிட்ச்சைப் போட்டான். தொட்டி முனகத் தொடங்கியது.

"பொறாமை."

"யார் மேல?"

"இந்த ஸ்வெட்டரைப் போட்டவன் மேல. அப்புறம்… சிரிக்காதீங்க… இந்தத் தொட்டி மேலயும்."

அவள் சிரிக்கவில்லை.

"அவன் இதைப் போட்டதே இல்ல. கழுத்துல குத்துதுன்னான். அப்புறம் இன்னொருத்தியைக் கூட்டிக்கிட்டு கடல் தாண்டி பெர்த் ஊருக்குப் போயிட்டான். அவளை நெனச்சு நெனச்சு நான் பொறாமையில வெந்தேன், ஃபெர்கல். என்னையே எனக்குப் பிடிக்காமப் போச்சு. அந்தப் பாழாப்போன பொறாமையை இப்ப எனக்காக ஒருத்தர் படுறார்னா…"

"படுறார்னா?"

சாம்பல் கண்கள் முதல்முறையாகத் தாழ்ந்தன.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் படுங்களேன்."