சுல்தானின் கூட்டாளிகள்

இன்றைக்கும் ஒன்று குறைந்திருந்தது.

ரிஃபா மூக்கை மீன்தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிவைத்து இன்னொரு தடவை எண்ணினாள். ஐந்துதான். நேற்று ஆறு இருந்தது. முந்தாநாள் ஏழு.

வெளியே மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தேங்காப்பட்டணத்தில் நான்கு நாளாக வெயிலையே காணவில்லை. தொட்டித் தண்ணீரும் வானம் மாதிரியே கலங்கிக் கிடந்தது.

"உம்மா, இன்னொரு நியான் மீனைக் காணேல்ல!"

அடுக்களையிலிருந்து உம்மா நஸீபா எட்டிப் பார்த்தாள். "மீனைக் காணேல்லன்னா என்கிட்ட என்னத்துக்குக் கேக்க? நான் என்ன குழம்புலயா போட்டேன்?"

"வெளையாடாதீங்க உம்மா. ஒவ்வொண்ணாக் குறையுது."

"வெளிய சாடி விழுந்திருக்கும். மேசைக்கு அடியில பாரு."

பார்த்தாள். அங்கே ஒற்றைச் செருப்பும் கடித்துப்போட்ட பென்சிலும்தான் கிடந்தன. தொட்டிக்கு மூடி இருக்கிறது. பூனைகூடக் கையை விட முடியாது.

தம்பி ஃபாயிஸ் தொட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான்.

"ஏலே, நீ பாத்தியா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். ஆனால் ரிஃபாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வாப்பா உவைஸ் தோஹாவுக்கு வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போவதற்கு முந்தின நாள்தான் பிள்ளைகள் இருவரையும் பக்கத்து ஊரான புதுக்கடைக்குக் கூட்டிப்போய் இந்தத் தொட்டியை வாங்கித் தந்தார்.

ரிஃபா பத்து நியான் மீன்களைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றும் அரை விரல் நீளம்தான். உடம்பில் ஒரு நீலக் கோடு, வால் பக்கம் சிவப்பு. அந்தி நேரத்தில் கடலில் தூரத்தில் தெரியும் வள்ளங்களின் விளக்குகள் மாதிரி மின்னின.

ஃபாயிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். கடையிலேயே பெரிய ஏஞ்சல் மீன். அவனுடைய உள்ளங்கை அகலம் இருந்தது. வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை, வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரித் தொங்கும் இரண்டு துடுப்புகள். அங்கேயே அதற்குச் 'சுல்தான்' என்று பெயரும் வைத்துவிட்டான்.

கடைக்காரர் சுயம்புராஜ் அப்போதே தலையைச் சொறிந்தார். "பாய், இது ரெண்டையும் ஒரே தொட்டியில..."

வாப்பா அவரைப் பேச விடவில்லை. "அண்ணாச்சி, இருவது வருசமா மீன் விக்கிற ஆளு நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் சாளை எது, நெத்தோலி எதுன்னு மணத்துலயே சொல்லுவேன். எனக்கே மீனைப் பத்திச் சொல்லித் தாறீரா?"

வாப்பாவுக்குத் தெரிந்த மீன்கள் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிவைத்த மீன்கள். அவை ஒன்றோடொன்று சண்டை போட்டதே இல்லை.

அன்று மாலை மீன்களைத் தொட்டியில் விட்டதும் வாப்பா கையைத் தட்டினார். "நான் ஒருத்தன் போறேன். பதினோரு பேரு வந்தாச்சு பாத்தியா? வீடு நெறைஞ்சில்லா இருக்கு!"

ரிஃபா சிரித்தாள். ஃபாயிஸ் சிரிக்கவில்லை.

மறுநாள் வாப்பா ஏறிய கார் தெருமுனையில் திரும்பியதிலிருந்து அவன் வாப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாப்பா வீடியோவில் வருவார். ஃபாயிஸ் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

"மக்கா, ஒரு சலாமாவது சொல்லுலே" என்று வாப்பா கெஞ்சுவார். கட்டிலுக்கு அடியிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வராது. பேச்சு முடிந்த பிறகு வெளியே வந்து, சுல்தானிடம் மட்டும் ஏதோ முணுமுணுப்பான்.

"மீனெல்லாம் சொகமா இருக்கா மக்ளே?" என்று வாப்பா ரிஃபாவிடம் கேட்பார்.

"சொகமா இருக்கு வாப்பா." அவள் போனைத் தொட்டிக்கு முன்னால் வேகமாக ஓட்டிவிடுவாள், எண்ண முடியாதபடி. வீட்டுக்கு வந்த பதினோரு பேரில் இத்தனை பேர் போய்விட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் அவளுக்குப் புரியவில்லை. புதுத் தீனி டப்பா அதற்குள் பாதி காலியாகிவிட்டது. அவள் காலையும் மாலையும் ஒரு சிட்டிகைதானே போடுகிறாள்?

சனிக்கிழமை விடியற்காலை, உம்மா தொழுகைக்கு எழுந்த சத்தத்தில் ரிஃபாவும் விழித்துக்கொண்டாள். முன்னறையில் விளக்குப் போடவில்லை. ஜன்னல் வழியே சாம்பல் நிற வெளிச்சம் வந்தது. நியான்கள் செடிக்கு அடியில் நெருங்கி, அசையாமல் நின்றன.

மேலேயிருந்து சுல்தான் பைய இறங்கி வந்தது. அவசரமே இல்லை. நியான்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு சொடக்குப் போடுகிற நேரம்தான். அதன் வாய்க்கு வெளியே ஒரு சிவப்பு வால் ஆடியது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

ரிஃபா எண்ணினாள். நான்குதான்.

"அது வேணும்னு செய்யேல்ல, ராத்தா."

திரும்பினாள். வாசற்படியில் ஃபாயிஸ் நின்றான். கையில் தீனி டப்பா.

"ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

"பின்ன அக்காகிட்ட ஏம்லே சொல்லேல்ல?"

"சொன்னா நீ சுல்தானைக் கொண்டு குளத்துல விட்டுருவ. அதுவும் போயிரும்." அவன் குரல் உடைந்தது. "அதான் தெனமும் வெள்ளன வந்து நெறையத் தீனி போட்டேன். வயிறு நெறைஞ்சா திங்காதுல்லா? இன்னைக்கும் ஒறங்கிப் போயிட்டேன்."

டப்பா காலியானதும் தண்ணீர் கலங்கியதும் இதனால்தான்.

ரிஃபா வலையைக் கையில் எடுத்தாள். உடனே சுல்தானைப் பிடித்து வெளியே போட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆறு விளக்குகளை அணைத்த திருடன்! ஃபாயிஸ் அழவில்லை. ஓடிவந்து இரண்டு கைகளாலும் தொட்டியைக் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான். கைகள் பாதித் தொட்டிக்குக்கூட எட்டவில்லை.

அவள் வலையைக் கீழே வைத்தாள். பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.

"கொஞ்சம் தீனி போடு. கொஞ்சம்தான்."

சுல்தான் வாயைத் திறந்தபோது ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்து அளந்தாள். ஒரு சென்டிமீட்டர். நியான்களை அளந்தாள். உடம்பு அதைவிட மெலிசு.

"இதான் சங்கதி. வாய்க்குள்ள போறதெல்லாம் அதுக்குத் தீனி. சண்டைன்னு ஒண்ணும் இல்ல."

"இப்ப என்ன செய்யப் போற, ராத்தா?"

ரிஃபா மிச்சமிருந்த நான்கு விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என் மீனைக் கடையில கொண்டு விட்டுருதேன். ஒன் மீன் இங்கயே நிக்கட்டும்."

ஃபாயிஸே அவளுக்காக வலையை எடுத்துக் கொடுத்தான்.

நான்கு நியான்களும் தூக்குவாளிக்குள் போயின. உம்மாவும் பிள்ளைகளும் மழையோடு புதுக்கடை பஸ் ஏறினார்கள். பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் வாளியை எட்டிப் பார்த்தார்.

"என்னது பிள்ளே, மீனா? ஐயே, இது வறுக்கக்கூடப் பத்தாதே!"

வேறு நாளாக இருந்தால் ரிஃபா சிரித்திருப்பாள்.

விவரம் கேட்டதும் சுயம்புராஜ் பெருமூச்சு விட்டார். "அன்னைக்கே சொல்ல வந்தேன். ஒங்க வாப்பா என்னை வாயைத் திறக்க விட்டாரா?" அவர் நான்கையும் கடையின் பெரிய தொட்டியில் விட்டார். அங்கே ஏற்கெனவே ஐம்பது நியான்கள் இருந்தன. கூட்டத்தோடு கலந்த மறுநொடியே எது தன்னுடையது என்று ரிஃபாவுக்குத் தெரியவில்லை. காலி வாளியை அவள் திரும்பவும் மூடினாள்.

"சரி. வேற என்ன எடுக்க?"

"ராத்தா, இது! புலி மாதிரி இருக்கு!" ஃபாயிஸ் ஒரு தொட்டியைக் காட்டினான். மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி. உருண்டையாக, அழகாகத்தான் இருந்தன.

ரிஃபா அவசரப்படவில்லை. அந்த மீன்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தாள். ஒன்று இன்னொன்றின் வாலைத் துரத்தித் துரத்திக் கடித்தது. கடிபட்டது அடுத்ததைக் கடித்தது.

"வேண்டாம்லே. சுல்தானோட நூலைக் கடிச்சுப் போடும்."

சுயம்புராஜ் மெச்சுதலாக நிமிர்ந்து பார்த்தார். "கொள்ளாமே!"

"அப்ப இந்தச் சின்ன சிவப்பு?" வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்கேலை ஃபாயிஸே வைத்துப் பார்த்தான். முகம் சுருங்கியது. "ம்ஹூம். வாய்க்குள்ள போயிரும்."

அடியிலே, மணலுக்குப் பக்கத்தில் சில மீன்கள் மீசையால் கிளறிக்கொண்டிருந்தன.

"ஐ, கெளுத்தி!" என்றாள் உம்மா.

"கோரின்னு பேரு. கெளுத்திக்குச் சொந்தக்காரங்கதான்" என்றார் சுயம்புராஜ். "அடியிலயே கெடக்கும். யாரு சோலிக்கும் போவாது."

ரிஃபா ஸ்கேலை வைத்தாள். நல்ல தடிமன். "சுல்தான் இன்னும் வளந்தா?"

"துடுப்புல முள்ளு இருக்கு. ஒருக்கத் தொட்டா மறுக்கத் தொடாது. ஆனா கூட்டமா இருந்தாத்தான் இதுக்குச் சந்தோசம். ஆறாக் கொண்டு போங்க. தண்ணியப் பாதி மாத்துங்க. தீனி ஒரு சிட்டிகைதான், கேட்டியா?"

ஃபாயிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. தொட்டித் தண்ணீர் மட்டும் தெளிந்திருந்தது. ஒரு வாரமாக எண்ணிக்கை குறையவில்லை. ஆனாலும் செடிக்கு அடியில் நீல வெளிச்சம் இல்லாதது ரிஃபாவுக்கு என்னவோ போல் இருந்தது.

போன் அடித்ததும் ஃபாயிஸ் கட்டிலுக்கு அடியில் புகுந்தான். வாப்பா அங்கே ஓர் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது.

"மீனைக் காட்டு மக்ளே."

இந்த முறை ரிஃபா போனை ஓட்டவில்லை. ஆடாமல் பிடித்தாள்.

"நியான் ஒண்ணையும் காணேல்லயே? எங்க போச்சு? அடியில கெடக்கது என்னது, கெளுத்தியா?"

சுல்தான் தின்றதை எப்படிச் சொல்வது? போவதற்கு முந்தின நாள் அவ்வளவு ஆசையாக வாங்கித் தந்தாரே!

கட்டிலுக்கு அடியில் ஏதோ உரசியது. ஃபாயிஸ் தவழ்ந்து வெளியே வந்தான். தலையில் ஒட்டடை. அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"வாப்பா! ஒங்களுக்கு மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது!"

அடுக்களை வாசலில் உம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். போனில் வாப்பா பனியன் கையால் முகத்தைத் துடைத்தார்.

"ஆமா மக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லித் தாறியா?"

ஃபாயிஸ் முக்காலியில் ஏறி உட்கார்ந்தான். "ராத்தா, அந்த ஸ்கேலைத் தா. வாப்பா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. மொதல்ல வாயை அளக்கணும்."

போன் ரிஃபாவின் கைக்குத் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. வந்தபோது அதில் சார்ஜே இல்லை.