ஏழாம் நம்பர் கொக்கி

துப்பறிவாளரைத் தேடி வந்தவள் உட்காரவில்லை. அவள் கணவர் கேளிக்கைப் பூங்காவில், இரவு நீர்க்காட்சி நடக்கும் குளத்தில் முங்கிக் குழாய் அடைப்பெடுக்கிறவர். பத்து நாளுக்கு முன் அவர் தண்ணீருக்குள் இருந்தபோதே பம்பு ஓடி, சிக்கி இறந்துபோனார். பம்பு ஆபரேட்டரைப் போலீஸ் பிடித்துவைத்திருக்கிறது. அவன்தான் பூட்டைக் கழற்றிப் பம்பை ஓட்டினான், அதை நிரூபித்துத் தாருங்கள் என்றாள். பேசி முடிக்கும்வரை சிவப்பு வில்லை கோத்த ஒரு சாவியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஆளைத்தான் பிடிச்சாச்சே, நமக்கு என்ன சார் வேலை?” என்றாள் உதவியாளர், படியிறங்கும்போது. எதிலும் அவளுக்கு அவசரம். துப்பறிவாளர் வண்டியைப் பூங்காவுக்கு விட்டார்.

பம்பு அறைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பூட்டு, அதற்குச் சிவப்பு வில்லையோடு ஒரே ஒரு சாவி. தண்ணீரில் இறங்குகிறவர் தன் பூட்டை மெயின் சுவிட்சில் போட்டு, சாவியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை பம்பு அசையாது. ஏழாம் நம்பர் கொக்கி காலியாக இருந்தது. இறந்தவர் இடுப்பில் சாவி இல்லை என்றார் மேனேஜர். பூட்டுப் போட்டிருப்பார் என்று நம்பினேன், பம்பைத் தொடவே இல்லை என்று ஆபரேட்டர் போலீஸில் அழுதானாம்.

அன்று காற்று பலமாக அடித்ததால், கூட்டம் நனையாமலிருக்கக் கம்ப்யூட்டரே காட்சியை நிறுத்தியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் அவர் இறங்கினார். துப்பறிவாளர் பதிவை வாங்கிப் பார்த்தார். எட்டு பத்துக்குப் பம்பு ஓடியிருக்கிறது. யாரும் பொத்தானை அமுக்கிய குறிப்பு இல்லை.

அங்கிருந்து நேரே இறந்தவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் மனைவி அப்போதுதான் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். வாசல் கதவில் தொங்கிய சிவப்புப் பூட்டில் ஏழு என்று கீறியிருந்ததை உதவியாளரும் பார்த்தாள்.

“பம்பை யாரும் ஓட்டலம்மா,” என்றார் துப்பறிவாளர். “காத்து அடங்கினா அதுவா ஓடும். அப்பக்கூட அதை ஓடவிடாம வைக்கிறது அந்தப் பூட்டு ஒண்ணுதான். அது அன்னிக்கு இங்க இருந்திருக்கு. சாவி உங்க கையில இருக்கு.”

அவள் திகைக்கவில்லை.

“அன்னிக்குக் காலையில வீட்டுப் பூட்டு உடைஞ்சுபோச்சு. நான்தான் பூங்காவுக்குப் போய் இதைக் கேட்டேன். ஒரு நாள்தானே, சமாளிச்சுக்கிறேன்னார்.”

“தெரிஞ்சேதான் எங்ககிட்ட வந்தீங்களா?” என்றாள் உதவியாளர்.

“வேற யாராவது பண்ணதா இருக்கக்கூடாதான்னு வந்தேன்.”

ஆபரேட்டரை வெளியே கொண்டுவர அந்தப் பூட்டு வேண்டும் என்று துப்பறிவாளர் மெல்லச் சொன்னார். அவள் அதைத் திறந்து, சாவியோடு உதவியாளர் கையில் வைத்தாள். வீட்டைப் பூட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்று உதவியாளர் கேட்டதற்கு, “உள்ள யாரு இருக்கா,” என்றாள்.

பிறகு கடைப் பையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவும் இல்லை.