ஜனவரிச் சுவர்

பணம் கைக்கு வந்த மாதிரிதான் என்று லுசிண்டா மெதெய்ரோஸ் நிம்மதியடைந்த வாரத்தில்தான் அந்தப் புகைப்படம் முளைத்தது.

ஹாமில்டனில் புதிதாக எழும்பிய பள்ளிக்கூடத்தின் செங்கல் வேலை அவள் கணவன் துவார்த்தே எடுத்துச் செய்தது. ஏப்ரலில், அந்தச் சுவரை ஆசிட் விட்டுக் கழுவி முடித்த வாரமே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். அவனுக்கு வரவேண்டிய பாக்கியை உடனே கொடுக்கச் சொல்லி நடுவர் தீர்ப்பளித்தார். பள்ளியைக் கட்டிய பெரிய ஒப்பந்தக்காரர் கொடுக்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனார். ஜனவரிக் குளிரில் கலவை உறையாதபடி தார்ப்பாய் போட்டு மூடாமல் கட்டிவிட்டு, மூடியதாகத் துவார்த்தேயின் ஆட்கள் நடுவரை ஏமாற்றினார்களாம். மோசடி என்று நீதிபதி நம்பிவிட்டால் தீர்ப்பு ரத்து. துவார்த்தேயின் கம்பெனிக்கும் பூட்டு.

சாட்சி அந்தப் படம். சாரப் பலகைகளில் காலடி படாத பனி. பின்னால் துடைத்து வைத்தாற்போல் செக்கச்செவேலென்று சுவர். தார்ப்பாய் இல்லை. தேதியும் இல்லை. படத்தை எடுத்துத் தன்னிடம் கொடுத்தது துவார்த்தேயின் தம்பி, மேஸ்திரி அமதேயு என்று ஒப்பந்தக்காரரின் தள மேலாளர் கர்ட்டிஸ் வென்டல் சத்தியம் செய்திருந்தார்.

"நானா குடுத்திருப்பேன், அண்ணி?"

"சம்பளம் நிக்குதுன்னு நீதானேடா கத்தினே?"

"கத்தினேன். அதுக்காக அண்ணன் கட்டின சுவருக்கே குழி பறிப்பேனா?"

அவள் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மேசையில் கீரை சூப் ஆறிக்கொண்டிருந்தது.

குறுக்கு விசாரணை, காலை 10.15. லுசிண்டாவின் வழக்கறிஞர் ஜாய்ஸ் ட்ரெம்லெட் பெரிதாக்கிய படத்தை மேசையில் விரித்தாள். லுசிண்டா குனிந்து பார்த்தாள். ஜாய்ஸின் காதில் ஏதோ சொன்னாள்.

"இது ஜனவரிதானா, மிஸ்டர் வென்டல்?"

"பனி கண்ணுக்குத் தெரியலையா, மேடம்?"

"தெரியுது. கலவைக் கறைதான் தெரியல."

"என்ன கறை?"

"கட்டி முடிச்ச சுவர்ல கலவை அப்பிக் கிடக்கும். அத ஆசிட் விட்டுக் கழுவணும். உறையற குளிர்ல கழுவ முடியுமா?"

"முடியாது..."

"இந்தச் சுவர எப்பக் கழுவினாங்க?"

வென்டல் தண்ணீர் டம்ளரைத் தேடினார். "ஏப்ரல்ல."

"அப்ப இது கழுவினப்புறம் எடுத்த படம். கலவை இறுகி, தார்ப்பாயக் கழட்டினப்புறம். அதுக்கப்புறம் பனி பெய்ஞ்சது ஒரே ஒரு நாள். அன்னிக்கு சைட்ல யார் இருந்தாங்க?"

"அமதேயு இருந்தான். அவன்தான்..."

"பொய்!" வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் லுசிண்டா எழுந்துவிட்டாள். "அன்னிக்குத்தான் என் புருஷன அடக்கம் பண்ணினோம். கொத்தனார் ஒருத்தர் பாக்கியில்லாம கல்லறைக்கு வந்திருந்தாங்க. அமதேயு சவப்பெட்டியத் தூக்கிட்டு எனக்கு முன்னால நடந்தான். அவன் தோள்ல விழுந்த பனிய நான்தான் தட்டிவிட்டேன்."

"சைட் சாவி அன்னிக்கு உங்ககிட்ட மட்டும்தான், இல்லையா?" என்றாள் ஜாய்ஸ் மெதுவாக. "வேலை தாமதமான பழி உங்க தலைல விழாம இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. செத்தவர் வந்து மறுத்துப் பேசமாட்டார். படம் எடுத்தது நீங்கதான்."

வென்டல் தரப்பு வழக்கறிஞர் பேனாவை மூடினார்.

மதியத்துக்குள் ஒப்பந்தக்காரர் தரப்பில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். வாகன நிறுத்தத்தில் அமதேயு வண்டியில் சாய்ந்து நின்றான்.

"பணம் வருமா, அண்ணி?"

"வரும்." அவள் கதவருகிலேயே நின்றாள். "உன்னச் சந்தேகப்பட்டேன்டா."

"தெரியும்," என்று கதவைத் திறந்துவிட்டான். "ஏறுங்க. குளிருது."