வெள்ளத்தாயின் பிறந்த நேரம்

தொண்ணூற்றேழு ஆவணியில் ஒருநாள் மத்தியானம், ராஜபாளையத்து மெக்கானிக் சேக் முகைதீன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரையின் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்கு வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"மூணு நாளா இப்படித்தான் தம்பி. நான் தொடக்கூட இல்ல. தானா ஓடுது," என்றார் ஐயாதுரை.

பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கறகறவென்று, யாரோ நகத்தால் சுவரைப் பிராண்டுவதுபோல எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

"வைரஸா இருக்கும் அண்ணாச்சி. செத்த நேரம் பொறுங்க."

பொறுக்க நேரமில்லை. நான்கு மணிக்குச் சோழபுரத்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள் சுந்தரம்மாளுக்குத் தேடிவந்த நல்ல இடம். பொருத்தத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பூ வைத்துவிடலாம்.

முகைதீன் பிளாப்பி போட்டு வைரஸ் தேடினான். இல்லை. ஓடிய புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூடினான். சத்தம் நிற்கவில்லை. கடைசியாக, எந்த ஃபைல் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பார்த்தான்.

"ஒரே ஒரு ஜாதகந்தான் அண்ணாச்சி. பொறந்த நேரத்த யாரோ திருத்தித் திருத்தி சேவ் பண்ணுத மாதிரி இருக்கு."

"யாரு ஜாதகம்?"

"உங்க மகளுது."

சுந்தரம்மாள் பிறந்தது காலை எட்டு பத்துக்கு. திரையில் ஆறு பத்து என்றிருந்தது. செவ்வாய் நகர்ந்து ஏழாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஐயாதுரை திரையருகே குனிந்து மறுபடி பார்த்தார்.

அந்த இரண்டு மணி நேர வித்தியாசம் அவருடைய பழைய கைவேலை. போன வருஷம் தேவதானத்து வெள்ளத்தாயை இரண்டாம் தாரமாகக் கேட்டார். "எங்கப்பன் வயசு உமக்கு" என்று முகத்துக்கு நேரே சிரித்துவிட்டாள். அதன்பின் அவளுக்கு வந்த மூன்று வரன்களுக்கும் இந்தக் கடையில்தான் பொருத்தம் பார்த்தார்கள். மூன்று தடவையும் மனிதர் கூசாமல் அவள் பிறந்த நேரத்தை இரண்டு மணி முன்னால் தள்ளினார். அச்சில் கட்டம் மட்டும்தான் வரும். நேரத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? செவ்வாய் தோஷம் என்று தாளை நீட்டினார். அவள் அப்பா கருத்தையா, "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?" என்று அழுதுகொண்டே வாங்கிப் போனார்.

பங்குனியில் வெள்ளத்தாய் கிணற்றில் மிதந்தாள்.

ஐயாதுரை எட்டு பத்து என்று அடித்தார்.

ஆறு பத்து.

மறுபடி அடித்தார்.

ஆறு பத்து.

கடைக்குள் கிணற்றுப் பாசியின் வாடை அடித்தது.

பிரிண்டர் தானாகக் கிளம்பியது. வாசலில் வேன் நின்று, மாப்பிள்ளையின் அப்பா சின்னக்கருப்பன் உள்ளே வந்ததும் அப்போதுதான். வெளியே வந்த தாளை அவரே எடுத்துக் கட்டத்தைப் பார்த்தார். முகம் சுண்டியது.

"அது தப்புங்க! நேரத்த மாத்தியிருக்கு! சத்தியமா!" ஐயாதுரை கதறினார்.

சின்னக்கருப்பன் தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா அண்ணாச்சி?"

வேன் போய்விட்டது.

முகைதீன் பிளக்கைப் பிடுங்கினான். பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்தான். வைத்த கை ஈரமாகியிருந்தது. திருப்புளியைக்கூட எடுக்காமல் ஓடிப்போனான்.

இது முதல் வரன். ஐயாதுரைக்குக் கணக்குப் புரிந்தது.

பட்டுச்சேலை கட்டிய சுந்தரம்மாள் உள்வாசலில் வந்து நின்றாள்.

"அவிய வந்தாச்சாப்பா? கம்ப்யூட்டர் ஓடுத சத்தம் கேக்குதே."

மேசைமேல், வயரில்லாத டிஸ்க் கறகறவென்று எழுதிக்கொண்டிருந்தது.