வரிசையில் அவன் பெயர்

"தாளே இல்லாத புத்தகத்துக்கு எதுக்குங்க வரிசை?"

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவன் செல்போனை நீட்டிக் கேட்டான். நூலகர் சிவப்ரியா நிமிர்ந்தாள். உப்புக்காற்றில் சிவந்த அவன் கண்கள்... அவற்றில் கோபமா, சிரிப்பா?

"பதிப்பகம் எங்க நூலகத்துக்குக் குடுத்த மின்னூல் உரிமம் அப்படி. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்கலாம்."

"அப்ப இது ஒத்த சீட்டு சைக்கிளுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கவியரசன், கிளிஞ்சல்மேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். கடலைப் பற்றிய நாவல் வேண்டுமாம்.

முறை வந்தால் போனிலேயே தகவல் போய்விடும். இருந்தும் நேரில் வந்தான். எடுப்பான், மறுநாளே திருப்புவான். மறுபடி வரிசையில் அவன் பெயர்... காலையில் கணினியைத் திறந்ததும் அவள் கண் அதைத்தான் தேடியது. படிக்கத்தான் வருகிறானா? கேட்டுவிட்டால் வராமலே போய்விடுவானோ...

ஒருநாள் அந்தப் புத்தகமே திரையில் இல்லை.

"இன்னைக்கு என் முறைன்னியேம்மா?" என்றார் வரிசையில் காத்திருந்த பெரியநாயகி டீச்சர்.

சிவப்ரியா கூசிப்போனாள். நூலக நிர்வாகக் குழுவிடம் மன்றாடி வாங்கிய புத்தகம். இனி அவள் பேச்சை யார் நம்புவார்கள்?

மாலையில் அவன் வந்தான்.

"இத்தனை தடவைதான் இரவல் தரலாம்னு உரிமத்துல கணக்கு உண்டு. நீங்க எடுத்து எடுத்துக் குடுத்தே தீந்துபோச்சு. காத்திருந்த பெரியநாயகி டீச்சர் ஏமாந்து போனாங்க. ஒரு பக்கமாவது படிச்சீங்களா?"

"இல்லைங்க."

"எங்க வேலை உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுல்ல?"

முகம் வெளுத்துப் போனவன், அப்புறம் வரவே இல்லை.

கோபம்தான் நியாயம் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. கணக்கு அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியுமே. தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?

கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். கிரீஸ் கைகளோடு இன்ஜினில் குனிந்திருந்தவன் நிமிரவில்லை.

"டீச்சர் வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டேங்க. உங்ககிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்க நெடுங்காட்டுல நிலபுலம் உள்ள வீட்டுப் பொண்ணு. வேற எதச் சாக்கு வச்சு வந்து நிக்கிறது?"

மழை பொடித்தது.

"அந்தக் கணக்கை நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா... நீங்க வரமாட்டீங்களே."

அவன் மெல்ல நிமிர்ந்தான். அவள் கடலைப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுன்னு குழுகிட்ட சொல்லிட்டேன். புது உரிமம் வந்தா டீச்சருக்குத்தான் மொதல்ல."

"அப்ப நானு?"

"நீங்க இனிமே புத்தகம் எடுக்காம வாங்க..."