விடுபட்ட துண்டுகள்

ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து கண்காணிப்பு கேமரா கடைக்குள் நுழைந்தான் மாப்பிள்ளை. பகல் இரண்டு மணி. மூன்று முறை அவனே கழுவிய தரையிலிருந்து பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது.

மனைவி ஃபோனில் அழுதாள். "போலீஸ்காரங்க கடை ரெக்கார்டிங்கப் பாக்கணும்கிறாங்க. நாலு மணிக்குக் கூட்டிட்டு வரேன். அண்ணன் எங்கயாவது நல்லா இருப்பார்லங்க?"

"இருப்பாரு. அழாத."

சொல்லும்போது அவன் நாக்குக் கூசவில்லை. கல்நெஞ்சன்.

வாடிக்கையாளர் வீட்டுக் கேமராப் படங்களை அவன் திருட்டுத்தனமாக விற்பதை, மூன்று நாளைக்கு முன்பு மனைவியின் அண்ணனான மச்சான் கண்டுபிடித்தார். போலீஸுக்குப் போகிறேன் என்று ஓடியவர், குனிந்து ஷட்டரைத் தூக்கினார். இவன் பாய்ந்து அதை இழுத்து இறக்கினான். அவர் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் துண்டாக விழுந்தன. அப்புறம் சுத்தியலை எடுத்தான். மண்டை கூழாகும்வரை, கை ஓயும்வரை அடித்தான். உடலைப் பின்பக்கத்துப் பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினான். விரல்களைச் சாக்கடையில் எறிந்தான்.

மச்சானுக்கு ஒரு பழக்கம். கடையில் பதிவாவதைத் தினமும், கோப்புகளைத் துண்டு துண்டாக அனுப்பும் டாரண்ட் நிரல் வழியாகத் தன் வீட்டுக் கணினிக்கும் அனுப்பிவிடுவார். "லைன் அறுந்தாலும் விட்ட இடத்துலேருந்து வந்துரும் மாப்ள" என்று பீற்றிக்கொள்வார். அதனால் அந்த வீட்டுக் கணினியையும் அன்றே நொறுக்கி, அதே தொட்டியில் போட்டு, மூடிமேல் சிமென்ட் பூசிவிட்டான்.

மிச்சம் கடைக் கணினிதான். எல்லாவற்றையும் அழித்தால் சந்தேகம் வரும். கொலை நடந்த பதினோரு நிமிடத்தை மட்டும் கறுப்பாக்கினான். கோப்புகளைப் புது டிஸ்க்குக்கு மாற்றி, டாரண்டிலும் புது இடத்தைக் காட்டினான். எல்லாம் வழக்கம்போல் தெரியவேண்டும் அல்லவா?

இடம் மாறியதும் அது தானாகச் சரிபார்க்கத் தொடங்கியது. தொழில் தெரிந்தவன்தான், அவசரத்தில் மறந்துவிட்டான். ஒவ்வொரு துண்டும் அசலோடு பொருந்துகிறதா என்று அது பார்க்கும். பொருந்தாததைத் தள்ளிவிட்டு, யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து மறுபடி இழுக்கும்.

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் நின்றது.

"யாருகிட்டயும் இல்லடா அது" என்று சிரித்தான்.

தொண்ணூற்றொன்பது.

கொடுப்பவர்: ஒருவர். பக்கத்தில் மச்சான் வீட்டுக் கணினியின் பெயர்.

நெட் கேபிளைப் பிடுங்கி எறிந்தான்.

நூறு.

வீடியோவைத் திறந்தான். கறுப்பாக்கிய இடத்தில் எல்லாம் திரும்பியிருந்தது. ஷட்டர், சுத்தியல், பல்லைக் கடித்த அவன் முகம். மச்சானின் உடலைக் காலைப் பிடித்து அவன் இழுக்கிறான்.

இழுபட்ட உடல் நின்றது.

நசுங்கிய தலை நிமிர்ந்தது. கைகளைக் கண்ணெதிரே தூக்கி, நிதானமாக விரல்களை எண்ணியது.

"எட்டுதான் இருக்கு மாப்ள."

பின்பக்கத்திலிருந்து ஈர சிமென்ட் வாடை வந்தது.

"ரெண்டு குறையுது. யாருகிட்ட இருக்கோ, அங்கேருந்து எடுத்துக்கணும்."

குரல் இப்போது கணினியிலிருந்து வரவில்லை. அவன் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

அலறிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். குனிந்து ஷட்டருக்கு அடியில் கைவிட்டான்.

ஷட்டர் இறங்கியது.

நாலு மணிக்குப் போலீஸ்காரர்கள் அதைத் தூக்கியபோது, ரத்தத்தில் புரண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தான் அவன். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. கடையைச் சல்லடையாகச் சலித்தும் அவை கிடைக்கவில்லை. திரையில் அந்தப் பதினோரு நிமிடம் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியின் சிமென்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கடப்பாரையால் உடைத்து உடலை வெளியே எடுத்தார்கள்.

அண்ணனின் வலது கையைப் பற்றிய தங்கை உறைந்துபோனாள். ஐந்து விரலும் இருந்தன. மோதிர விரலில், கல்யாணத்தன்று அவள் தன் புருஷனுக்குப் போட்ட மோதிரம்.

அந்த இரண்டு விரல்கள் மட்டும் சூடாக இருந்தன. மெல்ல மடங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டன.